யாருமே பாடாத பீட்

ஒரே இரவில் நாற்பத்தொரு பாட்டுகளை இணையத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார்கள். பாட்டு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டமும் ஒரு வரி அறிவிப்பும்தான் மிச்சம்: ‘உரிமையாளர் ஸுஹைர் பூஸித் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது.’ ஸுஹைர் யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை, காஸாபிளாங்காவின் ஸிதி மூமென் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில், பாதிப் பால் பாதிக் காப்பியாக ஒரு கண்ணாடித் தம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வரியில் இருக்கும் பெயர் தன்னுடையதுதானா என்று நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் செய்திகள் வந்து குவிந்திருந்தன. அகாதிரிலிருந்து ஒருவன், ஓரானிலிருந்து ஒருவன், ஸ்ஃபாக்ஸிலிருந்து ஒருவன். எல்லோரும் ஒரே கேள்வியை அவரவர் ஊர்க் கெட்ட வார்த்தையில் கேட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தான்: “அண்ணே, ஏதோ தப்பு நடந்திருக்கு போல. கொஞ்சம் என்னன்னு பாருங்க.” கெட்ட வார்த்தைகளையெல்லாம் அசராமல் படித்தவனுக்கு இதைப் படிக்கத்தான் உடம்பு கூசியது.

நீக்கப்பட்ட பாட்டுகளில் ஒன்றைப் பாடிய வியாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பந்தாட்டம் பேசும் கடை அது. எதிரே டிராம் ஏறும் பெண்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. இவள் நேராக வந்து அவன் மேசையில் தன் போனை ஓங்கி வைத்தாள். தம்ளர் குலுங்கிக் காப்பி சிந்தியது.

“படி.”

“வியாம், உக்காரு. நான் சொல்றேன்...”

“உக்கார வரல. படி. சத்தமாப் படி. இங்க இருக்கற எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவளுடைய பாட்டு இருந்த சாம்பல் கட்டத்துக்குக் கீழே, நாடறிந்த ராப் பாடகன் மோஜாவின் ரசிகர்கள் எழுதிக் குவித்த கமெண்டுகள் அவை. ‘திருடி.’ ‘மோஜாவோட பீட்டைத் திருடிட்டு நாலு வருஷமா சீன் போட்டிருக்கா.’ ‘பொண்ணுங்களுக்கு ராப் எதுக்கு, போய் ரொட்டி சுடு.’ ஸுஹைர் வாய்க்குள் படித்தான். வாய்விட்டுப் படிக்க அவனால் முடியவில்லை.

“நாலு வருஷத்துக்கு முன்னால என் பாட்டு வந்துச்சு. மோஜா பாட்டு வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் திருடியா? காலத்துல பின்னாடி போய்த் திருடிட்டு வந்தேனா?”

“மெஷின் தானா பண்ணது, வியாம். எனக்கே காலையிலதான் தெரியும்.”

“மெஷினுக்கு உன் பேரை யாரு சொல்லிக் குடுத்தா?”

பக்கத்து மேசைக் கிழவர் பேச்சை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார். ஸுஹைர் தம்ளரை நகர்த்தி வைத்தான். பதில் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“வர்ற வெள்ளிக்கிழமை பழைய கசாப்புக் கூடத் திடல்ல மேடை. என் பேரு நோட்டீஸ்ல இருக்கு,” என்றாள் அவள். “காலையில போன் பண்ணாங்க. வியாழக்கிழமைக்குள்ள பாட்டு திரும்பி வரலன்னா பேரை எடுத்துடுவாங்களாம். திருட்டு இசைக்கு மேடை குடுக்க மாட்டாங்களாம். அப்படியே சொன்னான், திருட்டு இசைன்னு. அதுவும் எங்க அண்ணனுங்க பக்கத்துல நிக்கும்போது.”

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரன் துணியோடு வந்து சிந்திய காப்பியைத் துடைத்தான். துடைத்தவன் சும்மா போயிருக்கலாம். “நம்ம ஊர்ப் பொண்ணுக்குப் போயி இப்படிப் பண்ணலாமா, தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த பீட் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பீட் என்றால் வேறொன்றும் இல்லை, யாராவது வந்து தன் மேல் பாடமாட்டார்களா என்று காத்துக் கிடக்கும் வெறும் இசை. பதினேழு வயதில் ஸுஹைர் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஹம்மூ என்பவர் நடத்திய இணையக் கடையின் கடைசி மூலையில், பூட்டு உடைத்த மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு, காதில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் ஹெட்போனோடு பீட் செய்வான். செய்ததை இணையத்தில் ஏற்றுவான். கீழே எழுதுவான்: ‘எடுத்துக்கோ, இலவசம். தலைப்புல என் பேரைப் போடு, அது போதும்.’ ஒரு மணி நேரம் முடிந்ததும் ஹம்மூ மேசையைத் தட்டி, “நேரம் முடிஞ்சது, எந்திரி!” என்று கத்துவார். ஒருநாள் அந்தக் கத்தல் தவறிப்போய்ப் பதிவாகிவிட்டது. ஸுஹைர் அதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டான். அவன் பீட் எதுவானாலும் முதல் மூன்று நொடியில் ஹம்மூ கத்துவார். இந்தத் தொழிலில் ஆளுக்கொரு முத்திரைக் குரல் உண்டு. ஓவியன் மூலையில் கையெழுத்துப் போடுகிறானே, அது மாதிரி.

தகரக் கூரை மேல் பெய்த மழையை போனில் பிடித்து, கீழே பெந்தீர் பறையை ஓடவிட்டுச் செய்த பீட் ஒன்று இருந்தது. ‘தகர மழை’ என்று பெயர் வைத்து ஏற்றினான். நாற்பத்தொரு பேர் எடுத்தார்கள். அதில் ஒருத்தி வியாம். அடுத்த தெருக்காரி, ஆனால் அதுவரை பேசியதில்லை. அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே குனிந்து நின்று பதிவு செய்தாளாம். அண்ணன்மார் மூன்று பேருக்கும் வீட்டுச் சாவி உண்டு, தனக்கு மட்டும் இல்லை என்பதுதான் பாட்டு. கேட்ட பெண்களெல்லாம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எழுதினார்கள். எண்பத்தாறாயிரம் பேர் கேட்டார்கள். ஸுஹைர் யார் என்று ஊருக்குத் தெரிந்ததே அந்தப் பாட்டால்தான். அதற்குப் பிறகுதான் வேலை வந்தது, ஸ்டூடியோ வந்தது, தெருவில் தோளைத் தட்டிப் பேச ஆட்கள் வந்தார்கள்.

கடைசியில் மோஜாவும் வந்தான். மொராக்கோ முழுக்க அவன் தொப்பியைப் பார்த்துத் தொப்பி வாங்குகிறார்கள். அவன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “அந்தச் சாவிப் பாட்டு பீட் வேணும். புதுசு எதுவும் வேணாம்.”

ஒப்பந்தம் கொண்டுவந்தவர் மோஜாவின் கம்பெனி நிர்வாகி தாரிக்; மரியாதைக்கு எல்லோரும் ‘ஸி தாரிக்’ என்பார்கள். அதில் ஒரு கேள்வி இருந்தது: ‘இந்த இசையை இதற்கு முன் வேறு யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?’ தாரிக் கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பல் இருக்கிறதே, அதிலேயே எல்லாம் இருந்தது. அவருக்கும் தெரியும், மோஜாவுக்கும் தெரியும், எழுதப்போகும் கைக்கும் தெரியும். ஸுஹைர் எழுதினான்: ‘இல்லை. யாருமில்லை.’ இலவசமாக எடுத்துக்கோ என்று கூவிக் கொடுத்த பண்டத்துக்கு, எடுத்தவர்களே கிடையாது என்று கையெழுத்துப் போட்டான். கம்பெனி அந்த இசையை அவன் பெயரிலேயே, அதே இசை இணையத்தில் வேறு எங்கே ஒலித்தாலும் நீக்கிவிடும் காவல் மெஷினில் பதிந்து வைத்தது. அதற்குக் கண்ணும் கிடையாது, தேதி பார்க்கும் புத்தியும் கிடையாது. காதில் விழுந்ததையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டது.

திங்கட்கிழமை மதியமே மஆரிஃப் பகுதியில் இருந்த தாரிக்கின் அலுவலகத்துக்குப் போனான். தாரிக் எழுந்து கட்டிக்கொண்டார், கன்னத்துக்குக் கன்னம் முத்தம் வைத்தார், புதினாத் தேநீர் வரவழைத்தார்.

“மூணே நாள்ல இருபது லட்சம், தம்பி! உன் கையில ஏதோ இருக்குய்யா.”

“ஸி தாரிக், பழைய பாட்டெல்லாம் போயிடுச்சு. அந்தப் புள்ளைங்க எல்லாம் என்னை நம்பி எடுத்தவங்க. அதையெல்லாம் திருப்பி விடச் சொல்லுங்க.”

“எந்தப் பழைய பாட்டு? நீதான் யாருமில்லைன்னு எழுதியிருக்கியே.”

“உங்களுக்குத் தெரியாதா? மோஜாவே வியாமோட பாட்டைக் கேட்டுட்டுத்தான வந்தாரு?”

தாரிக் சிரித்தார். சிரிப்பில் கோபமே இல்லை. ஸுஹைருக்கு அதுதான் எரிந்தது. “நான் வக்கீல் கிட்ட காட்டறது காகிதம், தம்பி. மோஜா என்ன கேட்டான்னா காட்ட முடியும்? திருப்பி விடணும்னா ஒரு வழி இருக்கு. பொய் சொல்லிட்டேன்னு எழுதிக் குடு. அப்புறம் மோஜா பாட்டை நாங்க எடுத்துடணும். ஆல்பத்துல இருக்கற உன்னோட மத்த ரெண்டு பீட்டும் போயிடும். இந்தக் கட்டடத்துக்குள்ள அதோட நீ வர முடியாது. யாருக்காக? கால் சென்டர்ல பிரெஞ்சுக்காரனுக்குப் போன் எடுக்கற ஒரு பொண்ணுக்காகவா?”

“பாட்டுல ஹம்மூ குரலையும் வெட்டிட்டீங்க.”

“யாரு ஹம்மூ?”

“என் முத்திரை. முதல் மூணு நொடி.”

“ஓ, அந்தக் கிழவன் கத்தலா? மோஜாவுக்குப் பிடிக்கல. சந்தையில கத்தறாப்பல இருக்குன்னான்.”

இத்தனையும் கேட்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? மேசையைப் புரட்டியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் தேநீரையாவது தள்ளி வைத்திருக்க வேண்டும். ஸுஹைர் குடித்தான். குடித்து முடித்து, “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்து வந்தான். கோழைக்கு யோசனைதான் பெரிய துணை. டிராமில் நின்றுகொண்டே வியாமுக்கு எழுதினான்: ‘உனக்கு மட்டும் புது பீட் ஒண்ணு பண்ணித் தரேன். இதைவிட நல்லா இருக்கும். அதை வச்சு வெள்ளிக்கிழமை பாடிடு.’ பதிலாகப் படம் ஒன்று வந்தது. அவள் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் ‘திருடி’ என்று எழுதியிருந்தார்கள். 

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டூடியோவில் உட்கார்ந்து, அந்த நாற்பத்தொரு பேர் யார் என்று பார்ப்பதற்காகப் பழைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தான். நாலு வருடமாகத் திறக்காத பெட்டி. அந்தக் காலத்தில் பீட் எடுப்பவர்கள் பாடி முடித்ததும் பாட்டை அவனுக்கு அனுப்பி வைப்பார்கள், அதுதான் மரியாதை. அனுப்பியிருந்தார்கள். வரிசையாக, கறுப்பு எழுத்தில், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் கிடந்தன. ‘அண்ணே, கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க.’ ‘முதல் தடவையாப் பாடியிருக்கேன், சிரிக்காதீங்க.’ ‘உங்க பேரை முதல்லயே போட்டுட்டேன், சரியா?’

ஒவ்வொன்றாகக் கேட்டான். ஸ்ஃபாக்ஸ்காரன் தங்கை கல்யாணத்துக்கு எழுதியிருந்தான், தாளம் ஒரு இடத்திலும் சேரவில்லை. ஓரான்காரன் கப்பல் துறைமுகத்தில் வேலை போன கதையைப் பாடியிருந்தான். ஒரு பையன் நடுவில் தும்மியிருந்தான், வெட்டக்கூடத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தான். நாற்பத்தொரு பாட்டிலும் முதல் மூன்று நொடியில் ஹம்மூ கத்தினார். வெட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒருத்தரும் வெட்டவில்லை.

மத்தியானம் ஆனதும் ஸுஹைர் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். தாரிக் மேல் கோபம், மோஜா மேல் கோபம் என்று இரண்டு நாளாகச் சுமந்துகொண்டு திரிந்தான். அதெல்லாம் சும்மா. தாரிக் அவனுக்கு என்ன செய்துவிட்டார்? கேள்வி கேட்டார், ஜன்னல் பக்கம் திரும்பினார். எழுதியது யார்? “நாயே” என்று தன்னைத்தானே சத்தமாகத் திட்டிக்கொண்டான். ஸ்டூடியோ சுவர் ஒலி வெளியே போகாத சுவர், யாருக்கும் கேட்கவில்லை.

புதன்கிழமை தாரிக்கின் மேசையில் கடிதத்தை வைத்தான். ‘நான் எழுதிக் கொடுத்தது பொய். இந்த இசையை இலவசமாகக் கொடுத்தவன் நான். இதற்கு முன் பயன்படுத்தியவர்கள் கீழ்க்கண்டவர்கள்.’ கீழே நாற்பத்தொரு பெயர், ஊரோடு. முதல் பெயர் வியாம் ஷர்காவி, ஸிதி மூமென், காஸாபிளாங்கா.

தாரிக் இந்தத் தடவை தேநீர் சொல்லவில்லை. “முட்டாளா நீ? பத்து வருஷமாச்சு உனக்கு இந்த நாற்காலி வரைக்கும் வர.”

“நாற்காலியை நீங்களே வச்சுக்குங்க, ஸி தாரிக். நல்லா சுத்துது. எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பிக்கலாம்.”

படி இறங்குவதற்குள் மோஜா போன் செய்துவிட்டான். “யார்றா நீ? என் பாட்டை எடுக்க வைக்க நீ யார்றா? நான் தொடலன்னா உன்னை எவன்டா சீண்டியிருப்பான்?” என்று ஆரம்பித்து, ஸுஹைரின் அம்மா வரைக்கும் போனான். ஸுஹைர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான். முடிந்ததும், “எல்லாம் சரி மோஜா, இதையும் தாளத்துல சொல்லத் தெரியலையே உனக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தான். மூன்று நாளில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வரி அதுதான்.

வியாழக்கிழமை காலை நாற்பத்தொரு பாட்டும் திரும்பி வந்தன. அகாதிர்க்காரன் மன்னிப்புக் கேட்டான், ஓரான்காரன் ‘வாழ்க’ என்றான். வியாமிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. ஸுஹைர் டிராம் பிடித்து அவள் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனான். சாப்பாட்டு இடைவேளை. வாசல் படியில் உட்கார்ந்து சூரை மீன் திணித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் ஹெட்போன், மார்பில் தொங்கிய அட்டையில் ‘எமிலி’ என்று எழுதியிருந்தது. பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு வியாம் என்ற பெயர் வாயில் நுழையாது என்று கம்பெனி வைத்த பெயர்.

“பாட்டு வந்துருச்சு. பாத்தியா?”

“பாத்தேன்.”

“கடுதாசி எழுதிக் குடுத்துட்டேன். மோஜா பாட்டை எடுத்துட்டாங்க. என்னையும்தான்.”

“கேள்விப்பட்டேன்.”

“நாளைக்கு மேடை?”

“இருக்கு. போன் பண்ணாங்க, ஸாரி கேட்டாங்க.” ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். “உன்னை ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லு. யாருமில்லைன்னு எழுதினியே, அப்போ என்னை மறந்துட்டு எழுதினியா, நெனச்சுக்கிட்டே எழுதினியா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள், அல்லது நம்பியதுபோல் விட்டிருப்பாள். ஆனால் எழுதிக் கொடுத்த பொய்யை முந்தின நாள்தான் திருப்பி வாங்கியவனுக்கு இன்னொன்று வாயில் வரவில்லை.

“நெனச்சேன்.”

“நெனச்சு?”

“நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். என் பீட்டாலதான உன் பாட்டு... அதனால நீ பொறுத்துப்பேன்னு.”

வியாம் தலையை ஆட்டினாள். ரொம்ப நாளாகத் தேடிய காகிதம் கிடைத்துவிட்டதுபோல, மெதுவாக ஆட்டினாள். “எங்க அண்ணனுங்களும் அப்படித்தான் நெனப்பாங்க,” என்றாள்.

போனை எடுத்தாள். பாட்டைத் திறந்தாள். எண்பத்தாறாயிரத்துச் சில்லறை பேர், நாலு வருடம், எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எழுதிய அத்தனை பெண்கள். ஸுஹைருக்கு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிவதற்குள் விரல் இறங்கிவிட்டது. ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று திரை கேட்டது.

“வியாம், வேணாம்! உன் பாட்டு அது! அதுக்காகத்தான நான் எல்லாத்தையும்...”

“என் வார்த்தை என் வாயில இருக்கு. நாளைக்குப் பெந்தீர் தட்ட ஒருத்தன் வர்றான், அது போதும் எனக்கு.”

மறுபடி விரல் இறங்கியது. திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. இந்தத் தடவை அதில் அவன் பெயர் இல்லை.

“என்னைப் பொறுத்தவரைக்கும் நீ எழுதினது இப்போ உண்மை,” என்றாள். “உன் பீட்டை நான் பாடவே இல்ல. போ.”

உள்ளேயிருந்து யாரோ “எமிலி!” என்று கூப்பிட்டார்கள். ஹெட்போனைக் காதுக்கு ஏற்றிக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் போனாள். ஸுஹைர் படியிலேயே நின்றான். இனி யாரைத் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.